என் கைபேசிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை

சாம்பல்குருவி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இதுவரை நீங்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

வயது 41. மார்பகப் புற்றுநோய். இடது பக்கத்தை முழுவதுமாக எடுத்தார்கள். பிறகு ஆறு கீமோ, அதன் பிறகு கதிர்வீச்சு. போன வாரத்தோடு எல்லாம் முடிந்தது. "இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் ஒரு வரிசையில் நின்றபடி கைபேசியை முகத்துக்கு நேராகத் தூக்கினேன். திறக்கவில்லை. துணியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். நான்காவது முறை கடவுச்சொல்லைக் கேட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், தலை மொட்டையாக இருந்த மாதங்களில் அது ஒழுங்காகத் திறந்தது. கடைசிக் கீமோவுக்குப் பிறகு புருவமும் இமைமுடியும் உதிர்ந்தன, ஸ்டீராய்டால் கன்னம் உப்பியது. அதற்குப் பிறகுதான் மறுக்க ஆரம்பித்தது. பின்னால் நின்றவர் பொறுமையாகத்தான் இருந்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். "போன்தானே, மறுபடி பதிந்துகொள்" என்றார்கள். கொஞ்ச நாளாக எனக்குக் கிடைப்பதெல்லாம் இந்தத் "தானே"தான். முடிதானே, வளரும். நகம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள். ஒரு பக்கம்தானே, துணிக்குள் தெரியாது. கடைசியில், "உயிர் பிழைத்தாயே, அது போதாதா?"

போதும்தான். அதற்கு நன்றியும் இருக்கிறது. ஆனாலும் பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தபடியே துலக்குகிறேன். நீங்களெல்லாம் எப்படிப் பழகினீர்கள்? பழகத்தான் முடிந்ததா?

நிழல்மரம்

வாருங்கள் சகோதரி. எனக்கு நிணநீர்ச் சுரப்பியில் வந்தது. சிகிச்சை முடிந்து மூன்றாவது வருடம்.

முதலில் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் மட்டும் என்னால் உறுதியாகப் பேச முடியும். வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ தாக்குகிறது. தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரமும் வளரும் நிலையில்தான் இருக்கும். அதனால் முதல் அடி தலைக்கு. எனக்குப் பதினாறாம் நாள் உச்சந்தலை காய்ந்த புண்போல வலித்தது, தலையணையில் படவே முடியவில்லை. பதினெட்டாம் நாள் கையோடு வந்துவிட்டது. புருவமும் இமையும் மெதுவாக வளர்கிறவை. அதனால் பல பேருக்கு அவை கடைசியில்தான் போகின்றன, சிலருக்கு எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தலைக்குத் தயாராக இருக்கிறோம், முகத்துக்குத் தயாராக இருப்பதில்லை. புருவம் போனால் ஆளே மாறிவிடுகிறது. கோபமா, வியப்பா, எதுவும் முகத்தில் எழுதப்படுவதில்லை.

திரும்ப வரும்போது மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கு, முன்பின் இருக்கலாம். என் முடி நேராக இருந்தது. நரைத்துச் சுருண்டு வந்தது. ஒரு வருடம் அப்படியே இருந்துவிட்டுப் பழையபடி நிமிர்ந்துவிட்டது. நரை மட்டும் தங்கிவிட்டது. சுருளைப் பழகிக்கொண்ட நேரத்தில் அதுவும் போனது. அதற்கும் வருந்தினேன் என்றால் நம்புவீர்களா?

மஞ்சள்குடை

அக்கா, என் தோழி பயோட்டின் மாத்திரை எடுத்தாள், நன்றாக வளர்ந்ததாம். முயன்று பாருங்கள்.

பழையகணக்கு

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். என் தம்பி இதே நோயில் போய்ச் சேர்ந்தான். அவனுக்கு முடி வளரும் வரை காத்திருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் புருவத்தைப் பற்றியும் நகத்தைப் பற்றியும் கவலைப்படுவதைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. கண்ணாடியைப் பார்க்க ஆள் இருப்பதே பெரிது.

கோடைமழை

ஐயா, அந்த அம்மா தன்னுடைய முதல் பதிவிலேயே இதைத்தான் சொல்லி நொந்திருக்கிறார். வாசித்தீர்களா?

ஒற்றைத்தாடை

பழையகணக்கு ஐயாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருடங்களுக்கு முன் என் கீழ்த்தாடையின் வலது பாதியை எடுத்தார்கள். காலில் இருந்து ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பை, அதன் மேல் தோலோடும் இரத்தக்குழாயோடும் வெட்டி எடுத்து, தாடையாக வளைத்துப் பொருத்தினார்கள். எலும்பைத் தாடையின் வளைவுக்கு ஏற்ப அறுத்துத் தகட்டில் திருகுவது தச்சு வேலைதான். இரத்தக்குழாயைக் கழுத்துக் குழாயோடு நுண்ணோக்கி வைத்துத் தைப்பதுதான் உயிர்நாடி. அது அடைத்துக்கொண்டால் எல்லாம் வீண். முதல் சில நாட்கள் மணிக்கு ஒருமுறை வந்து வாய்க்குள் நிறம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு செவிலியர் கேட்டார்: "கண்ணாடி பார்க்கிறீர்களா? இன்று வேண்டாம் என்றால் நாளை." கேட்டதே பெரிது. கையகலக் கண்ணாடி. முதலில் இடது பக்கத்தை மட்டும் காட்டச் சொன்னேன். அந்தப் பக்கம் நான் இருந்தேன். பிறகு மெல்லத் திருப்பினார். வலது பக்கம் இருந்தவரை எனக்குத் தெரியாது. பத்து விநாடி பார்த்திருப்பேன். போதும் என்றேன். மறுநாள் அரை நிமிடம். இந்த முறையை யாருக்கும் சொல்வேன்: குளித்துவிட்டு வரும் வழியில் முழுநீளக் கண்ணாடியில் தற்செயலாக மோதிக்கொள்வதைவிட, நீங்களே நேரம் குறித்து, உட்கார்ந்து, ஒரு பகுதியாகப் பார்ப்பது நல்லது.

அப்புறம் ஒரு கூத்து. காலில் இருந்து வந்த தோல் அல்லவா, அது காலில் செய்ததையே வாயிலும் செய்தது. நாக்குக்குப் பக்கத்தில் முடி முளைத்தது. கதிர்வீச்சுக்குப் பிறகு அது நின்றது. கதிர்வீச்சுக்கு நான் நன்றி சொல்லும் ஒரே காரியம் அதுதான்.

வெளியே போனதைப் பற்றி. ஒன்று, என்னிடம் கேட்க வேண்டியதை எல்லோரும் என் மனைவியிடம் கேட்டார்கள். "அவருக்கு எங்கே உட்கார வசதி?" முகம் கோணினால் காதும் கேட்காது என்று நினைக்கிறார்கள் போலும். இரண்டு, முறைத்துப் பார்ப்பது. இதற்கு ஜேம்ஸ் பார்ட்ரிஜ் என்ற ஆங்கிலேயரின் வழி எனக்கு உதவியது. பதினெட்டு வயதில் கார் தீப்பிடித்து முகம் கருகியவர், 1992இல் முகம் மாறியவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்: என்ன ஆயிற்று என்று ஒரு வரியில் சொல், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வரி சொல், உடனே பேச்சை வேறு பக்கம் திருப்பு. "தாடையில் கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள். இப்போது நலம். இந்த பஸ் சந்திப்பில் நிற்குமா?" கேட்டவருக்கும் தப்பிக்க ஒரு வழி கிடைக்கிறது. வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். என் மனைவிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

குழந்தைகள் பரவாயில்லை. "உங்கள் வாய் ஏன் அப்படி?" என்று நேராகக் கேட்பார்கள், பதில் வந்ததும் விளையாடப் போய்விடுவார்கள். பார்க்காததுபோல நடிக்கும் பெரியவர்களிடம்தான் எனக்குக் களைப்பு.

ஐயா, இப்போது உங்களுக்கு. உயிர் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அந்த உயிரை நான் தூக்கிக்கொண்டு வெளியே போவது இந்த முகத்தோடுதான். உங்கள் தம்பி இருந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

இரவுப்பணி

புற்றுநோய் வார்டில் பதினோரு வருடம் செவிலியர். உங்கள் மருத்துவருக்கு மாற்றாக அல்ல, கூடச் சில விஷயங்கள்.

மஞ்சள்குடை, பயோட்டினை அவ்வளவு எளிதாகக் கையில் எடுக்க வேண்டாம். முடிக்கென்று விற்கிற மாத்திரைகளில் அளவு மிக அதிகம். இரத்தத்தில் அது கூடினால் தைராய்டு, இதயத்துக்கான டிரோபோனின் போன்ற சில பரிசோதனைகளின் முடிவு தவறாக வரும். கீமோ எடுத்தவர்களுக்கு அடிக்கடி இரத்தம் எடுக்கிறோம். மாத்திரை சாப்பிடுவதை யாரும் சொல்வதில்லை, பிறகு எண்ணைப் பார்த்து எல்லோரும் குழம்புகிறோம். தலையில் தடவும் மினாக்சிடில் சிலருக்கு வளர்ச்சியைக் கொஞ்சம் விரைவாக்குகிறது. அதையும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சாம்பல்குருவி, கன்னம் உப்பியது நீர்கோத்தும் கொழுப்பு இடம் மாறியும் வருவது. வாந்தி வராமலிருக்கவும் ஒவ்வாமையைத் தடுக்கவும் கொடுத்த டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டின் வேலை. மருந்து நின்ற சில வாரம், சில மாதத்தில் வடியும். ஆனால் நீண்ட நாள் ஸ்டீராய்டில் இருப்பவர்கள், வீங்குகிறது என்று தாங்களாகவே சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும், மயங்கி விழுவீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

நகம் கறுத்திருக்கிறதா, குறுக்கே வரி விழுந்திருக்கிறதா? கீமோவில் டாக்ஸேன் வகை மருந்து என்றால் இரண்டும் நடக்கும். ஒவ்வொரு கீமோவுக்கும் ஒரு வரி, மரத்தின் வளையம் மாதிரி எண்ணலாம். கைநகம் அடியிலிருந்து நுனிவரை மாறச் சுமார் ஆறு மாதம், கால்நகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல். நகம் தூக்கிக்கொண்டு நின்றால் ஒட்ட வெட்டி வைத்திருங்கள். சீழோ துர்நாற்றமோ இருந்தால் காட்டுங்கள். கதிர்வீச்சுப் பட்ட தோலில் நேர் வெயில் படக் கூடாது, முதல் வருடம் ரொம்பவே கவனம்.

ஒன்று மட்டும் தோற்றக் கணக்கில் சேராதது. அறுவை நடந்த பக்கத்துக் கை கனத்தாலோ, மோதிரம் திடீரென்று இறுகினாலோ, அது நிணநீர் தேங்கும் வீக்கமாக இருக்கலாம். ஆரம்பத்தில் பிடித்தால் அழுத்தக் கையுறையும் பயிற்சியும் அதை அடக்கி வைக்கும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு. "அழகு விஷயம், எதற்குத் தொந்தரவு செய்வது" என்று நினைத்து மூன்று மாதம் சட்டைக் கைக்குள் மறைத்து வைத்திருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள்குடை

மன்னிக்கவும் அக்கா, தெரியாமல் சொல்லிவிட்டேன். தோழியிடமும் சொல்கிறேன்.

கோடைமழை

விக் பற்றி யாரும் பேசவில்லையே. நான் நிறையச் செலவழித்து ஒன்று வாங்கினேன். என் பழைய முடி மாதிரியே தேடித் தேடி வாங்கினேன், அதுதான் தப்பு. அணிந்துகொண்டு கண்ணாடியில் பார்த்தால் என்னைப் போல வேடமிட்ட ஒருத்தி. ஒரு நாள் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிந்தேன், முன்முடி முழுவதும் சுருங்கிப் பொரிந்துவிட்டது. செயற்கை இழை சூட்டைத் தாங்காது என்பது அதன் அட்டையிலேயே எழுதியிருந்ததாம். யார் வாசித்தது? அதன் பிறகு துணிதான். வெளியே துணி, வீட்டில் மொட்டை.

வேண்டாம் என்று யாருக்கும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு, "என்ன ஆயிற்று" என்ற கேள்வியை ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்காமல் இருப்பதற்கு அது ஒரு நல்ல கதவு.

தும்பி

எனக்கு மூக்கில். தோல் புற்றுநோய்தான், பரவாத வகை, "அதிர்ஷ்டசாலி" என்றார்கள். மூக்கின் நுனியை எடுத்துவிட்டு, நெற்றித் தோலை ஒரு பக்கம் அறுக்காமல் முறுக்கிக் கீழே இறக்கித் தைத்தார்கள். இரத்த ஓட்டம் ஊன்றும்வரை அந்தப் பாலம் அப்படியே இருக்க வேண்டும். மூன்று வாரம் நெற்றியிலிருந்து மூக்குக்கு ஒரு சதைத் தும்பிக்கையோடு இருந்தேன். என் பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இது புதிய வித்தையும் அல்ல. 1794இல் லண்டனில் அச்சான ஓர் இதழில் இதே அறுவை படத்தோடு வந்திருக்கிறது. என் மருத்துவர் பெருமையாகச் சொன்னார். அப்போது எனக்குக் கேட்கும் மனநிலை இல்லை.

இன்று வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் மட்டும் தழும்பு தெரியும். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். நான்தான் ஒவ்வோர் அறையிலும் விளக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து உட்காருகிறேன்.

வெற்றுப்பலகை

ஆண்கள் யாராவது இருக்கிறீர்களா? புராஸ்டேட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். ஆண்மைச் சுரப்பை அடக்கினால்தான் கட்டி அடங்கும். அடங்கியிருக்கிறது, மகிழ்ச்சி. கூடவே உடம்பில் முடி குறைந்து, இடுப்பு பெருத்து, மார்பும் வளர்ந்துவிட்டது. சட்டையை இரண்டு அளவு பெரிதாக வாங்கியிருக்கிறேன். நீச்சலை நிறுத்திவிட்டேன். பரிசோதனைக்குப் போனால் இரத்தத்தில் எண் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிடுகிறேன். இதை முதல் முறையாக எழுதுகிறேன்.

இரவுப்பணி

ஐயா, கேளுங்கள். கேட்கலாம். "மார்பு வளர்கிறது, வலிக்கிறதா இல்லையா, எப்போதிலிருந்து" என்று இந்த மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் போதும். இது நன்கு தெரிந்த விளைவு. சில மருந்துகளுக்கு முன்கூட்டியே தடுப்பார்கள், வந்த பிறகும் தமாக்ஸிஃபென் போன்ற மருந்தால் சிலருக்குக் குறையும். நாள் கடந்து கெட்டிப்பட்டுவிட்டால் கடினம். அதனால் அடுத்த முறைக்குத் தள்ள வேண்டாம். அதோடு, எடையைத் தூக்கும் உடற்பயிற்சி தசைக்கும் எலும்புக்கும் சேர்த்தே நல்லது.

ஒற்றைத்தாடை

வெற்றுப்பலகை, இருக்கிறோம். மீசை உதிர்ந்ததை இரண்டு வருடம் "நானே எடுத்துவிட்டேன்" என்று சொன்னவன் நான். சொல்லவே மாட்டோம் நாம்.

வரிக்குதிரை

இந்த இழைக்குக் கொஞ்சம் சிரிப்பு வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்குச் சிறுநீரகத்தில். சுனிடினிப் என்ற மாத்திரை, நான்கு வாரம் சாப்பிட்டு இரண்டு வாரம் ஓய்வு. சாப்பிடும் வாரங்களில் முடி வெள்ளையாக வளரும், ஓய்வு வாரங்களில் கறுப்பாக. ஒவ்வொரு முடியிலும் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. என் மருந்து அட்டவணையைத் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். எந்தச் சுற்றில் இருக்கிறேன் என்று மருத்துவர் அளவுகோல் வைத்துச் சொல்லிவிடலாம்.

மூன்றாம்மாடி

எனக்கு நோய் இல்லை, என் மனைவிக்கு. அவள் அறுவை முடிந்து ஐந்து மாதம். இன்றுவரை என்னைத் தழும்பைப் பார்க்க விடவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் உடை மாற்றுகிறாள். "எனக்கு நீ எப்போதும் போலத்தான் இருக்கிறாய்" என்று சொன்னேன். அன்றிலிருந்து இன்னும் விலகிப் போகிறாள். நான் சொன்னதில் என்ன தப்பு? உண்மையிலேயே எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

சாம்பல்குருவி

அண்ணா, உங்கள் மனைவியின் இடத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "எப்போதும் போல இருக்கிறாய்" என்றால், நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். பார்த்துவிட்டுச் சொன்னால் வேறு. பார்க்காமலே சொன்னால், "நீ அப்படியே இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும்" என்றுதான் என் காதில் விழும். என் கணவரும் இதையே சொன்னார். நான் குளியலறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் அது எப்படி உடைந்தது என்றால், தையலில் ஓர் ஓரம் ஈரமாக இருந்தது. எனக்குக் குனிந்து பார்க்க வரவில்லை. அவரைக் கூப்பிட்டேன். டார்ச் எடுத்து வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார், வழக்கமாகப் பழுது பார்க்கும் முகத்தோடு. "இந்த ஓரம் கொஞ்சம் சிவந்திருக்கிறது, மற்றபடி நேராகத் தைத்திருக்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான். அழகு என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

மூன்றாம்மாடி

புரிகிறது அம்மா. நான் வசனம் பேசியிருக்கிறேன்.

கோடைமழை

சாம்பல்குருவி, மார்பக மறுசீரமைப்புப் பற்றி யோசித்தீர்களா? கதிர்வீச்சுப் பட்ட தோலில் சிலிகான் பை வைத்தால் இறுகுவதும் சிக்கல் வருவதும் கூடுதல் என்று எனக்குச் சொன்னார்கள். அதனால் வயிற்றுக் கொழுப்பை எடுத்துச் செய்யலாம், நீண்ட அறுவை. நான் வேண்டாம் என்றேன். தட்டையாக, மடிப்பில்லாமல், நேர்த்தியாகத் தைத்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதுவும் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றுதான். கேட்காவிட்டால், "பின்னால் மனம் மாறினால்" என்று தொங்கும் தோலை விட்டுவைக்கிறார்கள் சிலர்.

நிழல்மரம்

இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது கோடைமழை. என் தங்கை மறுசீரமைப்புச் செய்துகொண்டாள், நான்கு வருடம் கழித்து. அவளுக்கு அது சரியாக இருந்தது. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால், தீர்மானத்தை இப்போதே எடுத்தாக வேண்டியதில்லை.

கோடைமழை

ஒப்புக்கொள்கிறேன். "பெண் என்றால் செய்துகொள்ளத்தான் வேண்டும்" என்று என்னைத் துரத்தியவர்கள் மேல் இருந்த கோபம் இங்கே சிந்திவிட்டது.

சாம்பல்குருவி

இப்போதைக்கு உள்ளாடைக்குள் வைக்கும் சிலிகான் மார்பகம்தான். முதலில் கொடுத்த பஞ்சு போன்றது எடையே இல்லாமல் மேலே ஏறிக் கழுத்தெலும்புக்குக் கீழே வந்து நின்றது. கூட்டத்தில் பேசிக்கொண்டே கீழே இழுத்துவிட்டேன், பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். இப்போது உள்ளது மறுபக்கத்தின் எடைக்குச் சமம், தோள் ஒரு பக்கம் தூக்கிக்கொள்வது நின்றிருக்கிறது.

பழையகணக்கு

நான்கு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒற்றைத்தாடை என் தம்பியைப் பற்றி எழுதிய வரிக்குப் பதில் சொல்ல வேண்டும். அவன் குளியலறைக் கண்ணாடியின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டிருந்தான். நீல நிறத் துண்டு. குளிக்கப் போகும்போதெல்லாம் அதை ஈரக் கையால் சரிசெய்துவிட்டு வருவான், நழுவாமல் இருக்க. நான் ஒரு நாள் அதை எடுத்துப் போட்டேன். "என்ன இது பைத்தியக்காரத்தனம், தைரியமாகப் பார்" என்று சத்தம் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அங்கே செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அதை நான் தொடவில்லை, ஆனால் அதைப் பற்றி அவனிடம் கேட்கவும் இல்லை. உயிர் போகிற நேரத்தில் முகத்தைப் பற்றி என்ன கவலை என்று நினைத்தேன். இரண்டு மாதம்தான் இருந்தான்.

சாம்பல்குருவி அம்மா, உங்களுக்குச் சொன்னது அவனுக்குச் சொன்னதேதான். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒற்றைத்தாடை

ஐயா, எங்கள் வீட்டிலும் துண்டு தொங்கியது. என் அம்மா தொங்கவிட்டார், எனக்கே தெரியாமல், நான் வீடு திரும்பும் முன்பு. எடுக்கச் சொன்னவன் நான். யாருக்கு எப்போது என்று வெளியிலிருந்து கணக்கிட முடியாது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை.

சாம்பல்குருவி

பழையகணக்கு ஐயா, எழுதியதற்கு நன்றி. அந்தத் துண்டைப் பற்றி மூன்று முறை வாசித்தேன்.

வரிக்குதிரை

சாம்பல்குருவி, கைபேசி விஷயம் அப்படியே நிற்கிறதே. பழைய முகத்தை அழிக்க மனம் வரவில்லையா? சில கைபேசிகளில் அமைப்புகளுக்குள் போனால் "மாற்றுத் தோற்றம்" என்று இன்னொரு முகத்தையும் சேர்க்க வழி இருக்கிறது. பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும். என் வரிகளுக்காகத் தேடியபோது கண்டுபிடித்தேன். எனக்குத் தேவைப்படவில்லை, என்னை அதற்குத் தெரிகிறது.

மூன்றாம்மாடி

சின்னச் செய்தி. நேற்று வடிகுழாய் இருந்த இடத்தில் அரிக்கிறது என்றாள். "டார்ச் எடுத்து வரட்டுமா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நாளைக்கு" என்றாள்.

வெற்றுப்பலகை

காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனேன். மருத்துவர் வாசித்துவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். முதல் வருடமே சொல்லியிருக்கலாமே என்றார். மருந்து ஒன்று எழுதிக்கொடுத்திருக்கிறார். முழுவதும் குறையுமா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. இரவுப்பணி அம்மாவுக்கு நன்றி.

சாம்பல்குருவி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கண்ணாடி விஷயத்தில் ஒற்றைத்தாடை சொன்ன முறையைப் பின்பற்றினேன், முதலில் வலது பக்கம் மட்டும். ஒரு நாள் தவிர்த்து ஒரு நாள்தான் முடிகிறது. மருத்துவமனையில் மனநல ஆலோசகரும் இருக்கிறாராம், ஒன்றரை வருடம் போய்வந்தும் எனக்குத் தெரியாது. அடுத்த புதன்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

வரிக்குதிரை சொன்ன வசதி என் கைபேசியில் இருந்தது. நேற்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்தேன். துணியை எடுத்துவிட்டேன். புருவம் வரைந்துகொள்ளலாமா என்று பென்சிலை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். திரையில் ஒரு வட்டம் வந்தது, அதற்குள் முகத்தை வைத்து மெல்லச் சுற்றச் சொன்னது. சுற்றினேன். முதல் சுற்று முடிந்தது, இன்னொரு முறை சுற்றச் சொன்னது. இத்தனை நேரம் என் முகத்தை நான் பார்த்து எவ்வளவு மாதம் ஆயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. இடது புருவத்தில் நாலைந்து முடி நிற்கிறது, வெளிச்சத்துக்கு நேரே வைத்தால் தெரிகிறது. வலதில் இன்னும் ஒன்றுமில்லை.

பதிந்துவிட்டது. காலையில் தூக்கினேன், திறந்தது.

இரவுப்பணி அம்மா, ஒரு கேள்வி: கால் கட்டைவிரல் நகம் பாதி தூக்கியிருக்கிறது, வலி இல்லை, சீழ் இல்லை. அப்படியே விடலாமா, போய்க் காட்ட வேண்டுமா?

இரவுப்பணி

ஒட்ட வெட்டிவிட்டு, முன்பக்கம் மூடிய அகலமான செருப்புப் போடுங்கள். சிவந்தால் காட்டுங்கள். புதன்கிழமை எப்படியும் போகிறீர்களே, அப்போதே கால் பக்கமும் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடுங்கள்.